பத்தில் ஒரு செக்கன் காத்திருப்பு: இதயத்தின் மின்சாரமும் குருதியோட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் அம்மம்மாவை ஈ.சி.ஜி. எடுப்பதற்காக வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். நெஞ்சில் ஆறு இடங்களிலும் கைகால்களில் நான்கு இடங்களிலும் வயர்களைப் பொருத்தியபோது அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "மோனை, இதாலை கரண்ட் அடிக்காதோ?" என்று கேட்டார். "இல்லை அம்மம்மா, இது உங்களுக்குக் கரண்ட் தாற மெசின் இல்லை. உங்கடை இருதயத்திலையிருந்து வாற கரண்டைத்தான் எழுதுது" என்றேன். பயம் தெளிந்து சற்று நேரம் பேசாமல் கிடந்தவர், "அப்ப என்ரை நெஞ்சுக்கை கரண்ட் எங்கையிருந்து வருது?" என்று திருப்பிக் கேட்டார். அன்று இரண்டு வசனத்தில் நான் சொல்லி முடித்த விடை, உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பிக்கும் எனக்கே நிறைவாக இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஆறுதலாகச் சொல்லும் விடையே இக்கட்டுரை.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீனின் மாணவர்கள், இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் தமிழ்ப் பெயர்களாலேயே அறிந்திருந்தார்கள். ஆனால் அந்த அறைகளை ஒழுங்காக இயங்கவைக்கும் மின்பாதையை மனிதர் கண்டறிந்த கதையின் பெரும்பகுதி, கிறீன் 1873இல் ஊர் திரும்பிய பின்னரே நடந்தது. இன்று பாடசாலைப் பிள்ளைகள் படிக்கும் செய்தி, அவருடைய காலத்தின் சிறந்த மருத்துவருக்கும் தெரியாத செய்தியாகும்.

முதலில் இதயம் செய்யும் வேலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இதயம் நான்கு அறைகள் கொண்ட ஒரு தசைப்பை. மேலே இரண்டு சோணையறைகளும் கீழே இரண்டு இதயவறைகளும் உள்ளன. உடல் முழுவதும் ஒட்சிசனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் குருதி வலது சோணையறைக்கு வந்து, வலது இதயவறைக்கு இறங்கி, அங்கிருந்து சுவாசப்பைகளுக்குச் செல்கிறது. சுவாசப்பைகளில் ஒட்சிசனைப் பெற்ற குருதி இடது சோணையறைக்கு வந்து, இடது இதயவறைக்கு இறங்கி, பெருநாடி வழியாக உடலெங்கும் போகிறது. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயவறை ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியை வெளியேற்றும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால், அது 5 லீற்றருக்குக் கிட்ட வருகிறது. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள மொத்தக் குருதியும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே எங்கள் குருதி முழுவதும் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை இதயத்தைக் கடந்து போகிறது என்று சொல்லலாம். ஒரு நாளில் இதயம் துடிக்கும் தடவைகள் ஒரு இலட்சம் அளவில் இருக்கும்.

இத்தனை குருதியைத் தள்ளுவதற்குத் தசையின் பலம் மட்டும் போதாது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் திருவிழாவில் 24ஆம் நாள் தேர் இழுபடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கவைப்பது எளிது. வடத்தைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் பலசாலிகளாக இருக்கலாம். ஆளாளுக்குத் தாம் நினைத்த நேரத்தில் இழுத்தால் வடம் நடுங்குமே தவிரத் தேர் அசையாது. அரோகரா ஒலியோடு எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்கும்போதுதான் சில்லு உருளும். இதயத்திலே வடம் பிடித்து நிற்பவை நூற்றுக்கணக்கான கோடித் தசைக்கலங்கள். ஒவ்வொன்றும் தனியே சுருங்கக்கூடியது. அவை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் அரோகராவாக இருப்பதுதான் மின்குறிப்பு.

இதயத்துக்கு இன்னொரு தேவையும் உண்டு. ஓர் அறைக்குள் உள்ள கலங்கள் சேர்ந்து சுருங்க வேண்டும் என்றாலும், நான்கு அறைகளும் ஒரே நேரத்தில் சுருங்கக் கூடாது. மேலறைகள் தங்கள் குருதியைக் கீழே இறக்கி முடிக்குமுன் கீழறைகள் சுருங்கிவிட்டால், இடையிலுள்ள வால்வுகள் அடைபட்டு, மேலறைகள் மூடிய கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரே அறைக்குள் ஒற்றுமையும், அறைக்கும் அறைக்கும் இடையே முன்பின் ஒழுங்கும் வேண்டும். மின்குறிப்பு தன் கையால் ஒரு துளி குருதியையும் தள்ளுவதில்லை. எது எப்போது சுருங்க வேண்டும் என்ற நேரத்தை மட்டும் அது வகுக்கிறது. குருதி ஓடுவது அந்த நேர ஒழுங்கின் விளைவாகும்.

கலத்துக்குள் ஒரு பற்றரி

வீட்டுக்கு வரும் மின்சாரம் செப்புக் கம்பிக்குள் இலத்திரன்கள் நகர்வதால் ஏற்படுவது. இதயத்துக்குள் கம்பி ஏதும் இல்லை. அங்கே நகர்பவை உப்புகளின் அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றின் துகள்கள். ஒவ்வொரு தசைக்கலத்தையும் ஒரு மெல்லிய மென்சவ்வு மூடியிருக்கிறது. மென்சவ்வுக்கு வெளியே சோடியமும் கல்சியமும் மிகுதி; உள்ளே பொற்றாசியம் மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வு காரணமாக, ஓய்வாக இருக்கும் இதயவறைக் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 90 மில்லிவோல்ற் மறையாக இருக்கிறது. டோர்ச் லைற்றுக்குப் போடும் 1.5 வோல்ற் பற்றரியில் பதினாறில் ஒரு பங்கும் வராத இந்தச் சிறிய அழுத்தம், மிக மெல்லிய மென்சவ்வின் இரு பக்கங்களிலும் நிற்பதால், வேலை செய்யப் போதுமானதாகிறது.

மென்சவ்விலே குறிப்பிட்ட அயனுக்கு மட்டும் திறக்கும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. பக்கத்துக் கலத்திலிருந்து சிறிது நேர் மின்னேற்றம் கசிந்து வந்து, உள்ளழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும், சோடிய வாயில்கள் சட்டென்று திறந்துகொள்கின்றன. வெளியே நெருக்கிக்கொண்டு நின்ற சோடியம் உள்ளே பாய, மறையாக இருந்த உட்புறம் செக்கனில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் நேராக மாறுகிறது. இதயத்தசைக் கலங்கள் ஒன்றோடொன்று முட்டும் இடங்களில் இரண்டையும் இணைக்கும் சிறு துளைகள் இருப்பதால், ஒரு கலத்தில் நேர்ந்தது அடுத்த கலத்துக்குத் தொற்றுகிறது, அதிலிருந்து அதற்கடுத்ததற்குத் தொற்றுகிறது. மின்குறிப்பு பரவுகிறது என்று சொல்வது இந்தத் தொற்றுதலைத்தான்.

பாய்ந்தவை பாய்ந்தபடியே கிடந்தால் பற்றரி இறங்கிவிடும். அதைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதற்கு மென்சவ்வில் ஒரு பம்பி இருக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். நாங்கள் உண்ணும் உணவிலிருந்து வரும் சக்தியில் ஒரு பங்கு, நாங்கள் உறங்கும்போதும் இதற்கே செலவாகிறது. எங்கள் ஊர் வேலியோரங்களில் பூத்து நிற்கும் மஞ்சள் அலரியின் விதை கொடிய நஞ்சாவது, அது இந்தப் பம்பியைத் தடுத்து இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைப்பதனால்தான். சிறுபிள்ளை தவறுதலாக வாயில் வைத்துவிட்டாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களை இளநீரும் வாழைப்பழமும் அளவோடு எடுக்கும்படி வைத்தியர்கள் எச்சரிப்பதும் இந்தப் பற்றரியை நினைத்துத்தான். வெளியேற வழியின்றிக் குருதியில் பொற்றாசியம் கூடினால் கலத்தின் ஓய்வழுத்தம் மாறி, துடிப்பின் ஒழுங்கு கெட்டுவிடும்.

உப்புகளுக்கு இவ்வளவு பங்கு உண்டு என்பது தெரியவந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 1880களின் தொடக்கத்தில் இலண்டனில் சிட்னி றிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்து அதன் துடிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெறும் கறியுப்புக் கரைசலிலேயே இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று 1882இல் எழுதினார். பின்னர்தான், கரைசலைத் தயாரிக்கப் பயன்பட்டது காய்ச்சி வடித்த நீர் அல்ல, நகரத்துக் குழாய்நீர் என்பது அவருக்குத் தெரியவந்தது. வடித்த நீரில் கரைசலைச் செய்து பார்த்தபோது இதயம் விரைவில் நின்றுபோயிற்று. குழாய்நீரில் இயல்பாகவே கரைந்திருந்த கல்சியம்தான் அதுவரை துடிப்பைத் தாங்கி நின்றது என்று 1883இல் திருத்தி எழுதினார். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தக் கல்சியத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுண்ணக்கல்லுக்குள் வெட்டிய எங்கள் கிணறுகளின் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் பொருக்கில் இருப்பது அதுவே.

யார் தொடங்கி வைப்பது?

கலத்திலிருந்து கலத்துக்குத் தொற்றுகிறது என்றால், முதற் கலத்துக்குத் தொற்றவைத்தது யார்? மூளைதான் கட்டளை அனுப்புகிறது என்று பலர் எண்ணுகிறார்கள்; ஆண்டுதோறும் என் வகுப்பிலும் இந்த எண்ணத்தோடு சில பிள்ளைகள் வருவார்கள். றிங்கரின் தவளை இதயமே அதற்கு மறுப்பு. நரம்புத் தொடர்பு எல்லாம் அறுபட்டுக் கண்ணாடிப் பாத்திரத்தில் கிடந்தும் அது துடித்தது. மாற்று இதயம் பொருத்தப்பட்ட மனிதரிலும், நரம்புகள் அறுக்கப்பட்ட அந்த இதயம் தன்பாட்டில் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

தொடக்கம் வலது சோணையறையின் மேற்பகுதியில், மேற்பெருநாளம் வந்து சேரும் வாயிலருகே நிகழ்கிறது. அங்கே ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு கலக்கூட்டம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் குடாச்சோணைக் கணு என்றும், வைத்தியர்களின் வாயில் எஸ்.ஏ. நோட் என்றும் வழங்கும் இதனை இங்கே எஸ்.ஏ. கணு என்று குறிப்பிடுகிறேன். மற்றத் தசைக்கலங்கள் தூண்டப்படும்வரை 90 மில்லிவோல்ற் மறையில் அமைதியாகக் காத்திருக்கும். எஸ்.ஏ. கணுவின் கலங்களுக்கு அப்படி அமைதியாக இருக்கவே முடியாது. ஒரு துடிப்பு முடிந்து அவற்றின் அழுத்தம் ஏறத்தாழ 60 மில்லிவோல்ற் மறைக்கு இறங்கியதுமே, நேர் அயன்கள் உள்ளே கசியத் தொடங்குகின்றன. அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, 40 மறையை அண்மித்ததும் கல்சிய வாயில்கள் திறந்து அடுத்த துடிப்பு பிறக்கிறது. உடனே மீண்டும் இறக்கம், மீண்டும் கசிவு. வாளிக்குள் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து நிரம்பி வழிவதுபோன்ற இந்தக் கசிவே வாழ்நாள் முழுவதற்குமான தாளத்தை வைத்திருக்கிறது.

கசிவின் வேகத்தை மாற்றினால் தாளத்தின் வேகம் மாறும். நரம்புகளுக்கு உரிய பங்கு இதுதான். தனித்து விடப்பட்டால் எஸ்.ஏ. கணு நிமிடத்துக்கு 100 தடவை அளவில் துடிப்பை எழுப்பும். ஓய்வில் எங்கள் துடிப்பு 70 ஆக இருப்பதற்குக் காரணம், மூளையின் அடியிலிருந்து இறங்கி வரும் வேகசு நரம்பு அதை இடைவிடாது அமர்த்திக்கொண்டிருப்பதாகும். ஓடும்போதும் பயப்படும்போதும் அந்தப் பிடி தளர்ந்து, பரிவு நரம்புகளும் அதிரினலினும் கசிவை விரைவுபடுத்துகின்றன. வேகசு நரம்பு இதயத்தை அமர்த்துவது ஓர் இரசாயனப் பொருளின் மூலம் என்பதை 1921இல் ஒற்றோ லோவி இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். நரம்பைத் தூண்டி மெதுவாக்கிய முதலாவது இதயம் இருந்த கரைசலை எடுத்து மற்றதன் மீது விட்டபோது, நரம்பு தூண்டப்படாத அந்த இதயமும் மெதுவாகியது. இவ்வாராய்ச்சிக்காக 1936இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தக் கணு கண்ணில் பட்டதே மிகப் பிந்தித்தான். 1906ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் கென்ற் பகுதியில், மாட்டின் பிளக் என்ற மருத்துவ மாணவர் ஓர் அகழெலியின் இதயத்தை வெட்டிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, வலது சோணையறையில் வழமைக்கு மாறான ஒரு திசுவைக் கண்டார். அவரும் ஆசிரியர் ஆதர் கீத்தும் மற்ற விலங்குகளிலும் மனிதரிலும் அதையே தேடிக் கண்டு 1907இல் வெளியிட்டார்கள். மனித வரலாற்றில் அத்தனை பேரின் நெஞ்சிலும் துடித்த ஒன்றை முதலில் காட்டித் தந்தது மண்ணுக்குள் வாழும் ஒரு சிறு பிராணி என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

காத்திருக்கும் கணு

எஸ்.ஏ. கணுவில் பிறந்த குறிப்பு இரண்டு சோணையறைகளிலும் பத்தில் ஒரு செக்கன் அளவில் பரவி முடிகிறது, சோணையறைகள் சுருங்குகின்றன. கீழே இதயவறைகளுக்கும் அது நேராகப் பரவியிருக்க வேண்டும். ஆனால் மேலறைகளையும் கீழறைகளையும் பிரித்து, வால்வுகளைத் தாங்கி நிற்கும் நார்வளையங்கள் மின்குறிப்பைக் கடத்துவதில்லை. வயரைச் சுற்றியுள்ள இறப்பர் உறைபோல அவை குறிப்பை மறித்து நிற்கின்றன. இந்த மதிலில் இயல்பான இதயத்தில் ஒரேயொரு படலைதான் உண்டு. அந்தப் படலையில் இருப்பது சோணை இதயவறைக் கணு, சுருக்கமாக ஏ.வி. கணு.

இதயத்தின் மின்பாதை முழுவதிலும் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த இடமே. மற்றப் பகுதிகளில் விரைந்து வந்த குறிப்பு, இங்கே செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர் அளவிலான வேகத்துக்குத் தளர்ந்துவிடுகிறது. இக்கணுவின் கலங்கள் சிறியவை. அவற்றை இணைக்கும் துளைகள் குறைவு. சட்டென்று திறக்கும் சோடிய வாயில்களுக்குப் பதிலாக ஆறுதலாகத் திறக்கும் கல்சிய வாயில்களே இங்கு வேலை செய்கின்றன. இத்தனையும் சேர்ந்து, சில மில்லிமீற்றர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ பத்தில் ஒரு செக்கன் பிடிக்கிறது. அந்தக் காத்திருப்புக்குள் சோணையறைகள் தங்களிடம் எஞ்சிய குருதியைக் கீழே இறக்கி முடித்துவிடுகின்றன. வேகமே திறமை என்று எண்ணும் எவரும் இந்தக் கணுவை ஒரு குறைபாடாகக் கருதியிருப்பார். இந்தத் தாமதம் இல்லாவிட்டால் சோணையறையின் சுருக்கத்தால் ஒரு பயனும் இருக்காது.

தோட்டத்துக்குத் தண்ணீர் மாறியவர்களுக்கு இது பழக்கமான வேலை. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலும், இன்று மோட்டர் போட்டு இறைக்கும் காலத்திலும், வாய்க்காலால் வரும் தண்ணீரை வெங்காயப் பாத்திகளுக்கு விடுபவர், ஒரு பாத்தி நிறையுமட்டும் மண்வெட்டியோடு காத்திருந்துதான் அடுத்த பாத்தியின் வாயை வெட்டுவார். அவசரப்பட்டால் ஒன்றும் நிறையாது. ஏ.வி. கணுவும் நிறைவதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. தண்ணீர் மாறுபவர் பாத்தி நிறைந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்கிறார். கணுவோ இதயவறை நிறைந்ததா என்று பார்ப்பதில்லை. அதன் அமைப்பே அந்தத் தாமதத்தைத் தருகிறது.

படலையைக் கடந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இனிமேல் தாமதம் ஆபத்தானது, ஏனென்றால் இதயவறையின் கலங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கணத்தில் வடத்தை இழுக்க வேண்டும். ஏ.வி. கணுவிலிருந்து புறப்படும் ஹிஸ்ஸின் கட்டு இதயவறைகளுக்கு இடையிலுள்ள சுவர் வழியே இறங்கி, வலம் இடம் என்று கிளைத்து, பேர்கிஞ்சி நார்களாகச் சுவர்களின் உட்புறத்தில் பரந்து விரிகிறது. இந்நார்களில் குறிப்பின் வேகம் செக்கனுக்கு 2 முதல் 4 மீற்றர். கணுவில் ஊர்ந்த குறிப்பு இங்கே நாற்பது மடங்குக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. நார்களை 1839இல் பேர்கிஞ்சியும், கட்டை 1893இல் ஹிஸ்ஸும் விவரித்திருந்தார்கள். இவை துண்டு துண்டான அமைப்புகள் அல்ல, ஏ.வி. கணுவில் தொடங்கி நார்களில் முடியும் ஒரே பாதை என்று 1906இல் நிறுவியவர் ஜேர்மனியின் மார்பூர்க் நகரில் ஆராய்ச்சி செய்த யப்பானியரான சுனாவோ தவாரா.

மின்சாரத்திலிருந்து குருதியோட்டத்துக்கு

தசை சுருங்குவது எப்படி என்பதில் மீண்டும் கல்சியம் வருகிறது. குறிப்பு வந்து சேர்ந்ததும் கலத்துக்குள் சிறிது கல்சியம் புகுகிறது. அது, கலத்துக்குள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் இன்னும் அதிகமான கல்சியத்தை வெளிவரச் செய்ய, அந்தக் கல்சியம் தசையிழைகளை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரவைக்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கைகால் தசையின் மின்குறிப்பு செக்கனில் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடும். இதயவறைக் கலத்தின் குறிப்போ செக்கனில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீடிக்கிறது. அந்த நேரம் முழுவதும் அக்கலத்தை இன்னொரு குறிப்பால் தூண்ட முடியாது. ஆகவே சுருங்கிய இதயம் விரிந்த பின்னரே மறுபடி சுருங்கும். கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பதுபோல இதயத்தசை இறுகி நிற்க முடியாதது இந்த நீண்ட குறிப்பினால்தான். இறுகி நிற்கும் இதயத்துக்குள் குருதி நிரம்ப வழியேது?

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.8 செக்கன். இதில் இதயவறைகள் சுருங்கியிருப்பது ஏறத்தாழ 0.3 செக்கன், மீதி விரிந்திருக்கும் நேரம். விரிந்திருக்கும்போது குருதியின் பெரும்பகுதி தானாகவே மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கிவிடும். சோணையறையின் சுருக்கம் கடைசியில் ஐந்தில் ஒரு பங்களவைச் சேர்த்துவிடுகிறது. பின்னர் இதயவறைகள் சுருங்கத் தொடங்கியதும் உள்ளழுத்தம் உயர்ந்து, மேலறைக்குப் போகும் வால்வுகள் மூடுகின்றன. வைத்தியர் குழாய் வைத்துக் கேட்கும் முதலாவது ஒலி அது. அழுத்தம் மேலும் உயர்ந்து பெருநாடியின் வால்வைத் திறந்ததும் குருதி வெளியே பாய்கிறது. சுருக்கம் முடிந்து அழுத்தம் இறங்க, பெருநாடியின் வால்வும் சுவாசப்பை நாடியின் வால்வும் மூடும் ஒலி இரண்டாவது. வால்வுகளுக்கு மின்குறிப்பு வருவதில்லை. குருதியின் அழுத்தமே அவற்றைத் திறந்து மூடுகிறது.

பெருநாடியின் சுவர் மீள்தன்மை உடையது. குருதி பாயும்போது விரிந்து, பின்னர் தானே சுருங்கி, இதயம் விரிந்திருக்கும் நேரத்திலும் குருதியை முன்னே தள்ளிக்கொண்டிருக்கிறது. விரிந்து சுருங்கும் இந்த அலை நாடிகளின் சுவர் வழியே குருதியை விடப் பன்மடங்கு வேகத்தில் ஓடிவருகிறது. பரியாரியார் மணிக்கட்டில் விரல் வைத்து உணர்வது இந்த அலையை. இதயத்திலிருந்து அப்போது புறப்பட்ட குருதி இன்னும் கைக்கு வந்திருக்காது. இதயத்தசைக்கும் குருதி தேவை. இடது இதயவறையின் சுவருக்குள் போகும் நாடிகள் அது சுருங்கும்போது நெரிபடுவதால், அச்சுவர் தனக்கான குருதியைப் பெரும்பாலும் விரிந்திருக்கும் வேளையிலேயே பெறுகிறது. துடிப்பு அளவு மீறி விரைவானால் குறுகிப்போவதும் அந்த வேளைதான். அப்போது உடலுக்கு அனுப்பும் குருதியும் குறையும், இதயத்துக்குக் கிடைப்பதும் குறையும்.

கடதாசியில் விழும் கோடு

கோடிக்கணக்கான கலங்களின் மின்மாற்றம் ஒரே திசையில் பரவும்போது, அதன் சிறு பங்கு உடலின் உப்புநீர் வழியே தோல்வரை வந்து சேர்கிறது. மனிதரில் இதை 1887இல் இலண்டனில் ஒகஸ்ரஸ் வாலர் முதன்முதலாகப் பதிந்து காட்டினார். தெளிவாகப் பதியும் கருவியை உருவாக்கியவர், யாவாவின் செமராங்கில் பிறந்து நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பணியாற்றிய வில்லம் ஐந்தோவன். அவருடைய கருவி 270 கிலோகிராம் அளவில் எடை கொண்டது. நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீர் வாளிகளுக்குள் வைத்திருக்க வேண்டும். காந்தப்புலத்தில் தொங்கவிட்ட மெல்லிய படிக இழை, இதயத்தின் மின்சாரம் பட்டு அசைவதை அது படம்பிடித்தது. 1924இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அம்மம்மாவின் உடலில் பூசிய குளிர்ந்த ஜெல், அந்த உப்புநீர் வாளிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பொருள்தான்.

ஈ.சி.ஜி. கடதாசி செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் நகர்கிறது. ஆகவே ஒரு சிறிய கட்டம் 0.04 செக்கன், ஐந்து சிறிய கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 செக்கன். முதலில் வரும் சிறு மேடு பி அலை. அது சோணையறைகளில் குறிப்பு பரவுவதைக் காட்டுகிறது. அதன்பின் கோடு சற்று நேரம் சமனாக ஓடும். அதையடுத்துக் கூராக எழுந்து விழுவது கியூ.ஆர்.எஸ். தொகுதி, இதயவறைகளில் குறிப்பு பரவுவதைக் காட்டும் அது இயல்பில் 0.12 செக்கனுக்குள் முடிந்துவிடும். இறுதியில் வரும் அகன்ற மேடு ரி அலை. இதயவறைக் கலங்கள் பற்றரியை மீட்டுக்கொண்டு ஓய்வுக்குத் திரும்புவது அது. பி அலையின் தொடக்கத்திலிருந்து கியூ.ஆர்.எஸ். தொடங்கும்வரை 0.12 முதல் 0.20 செக்கன் இயல்பு. அம்மம்மாவின் கடதாசியில் நான் எண்ணிப் பார்த்தபோது நான்கு சிறிய கட்டங்கள் இருந்தன. அந்த 0.16 செக்கனின் நடுவே, ஒன்றுமே நடக்காததுபோலத் தெரியும் சமனான கோட்டில்தான், ஏ.வி. கணு தன் காத்திருப்பைச் செய்துகொண்டிருந்தது.

ஒழுங்கு குலையும்போது

முதியவர்களில் அடிக்கடி காணப்படும் ஒரு கோளாறில், சோணையறைகளுக்குள் பல குறிப்புகள் ஒன்றையொன்று துரத்திச் சுழல்கின்றன. சோணையறைகள் நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் நடுங்குமே தவிர ஒழுங்காகச் சுருங்கா. அத்தனை குறிப்பும் கீழே இறங்கினால் உயிர் தாங்காது. இங்கேயும் ஏ.வி. கணுவின் மந்தமே காப்பாற்றுகிறது. வருபவற்றில் ஒரு பகுதியை மட்டும், ஒழுங்கற்ற இடைவெளிகளில், அது கீழே விடுகிறது. அதனால் மணிக்கட்டில் துடிப்பு தாளமின்றிப் படும். குருதி தேங்கி நிற்கும் இடது சோணையறை மூலையில் கட்டி உறைந்து, அது மூளைக்குப் போய்ப் பாரிசவாதத்தை ஏற்படுத்தலாம் என்பதால், குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தை வைத்தியர்கள் பலருக்குக் கொடுப்பார்கள்.

அதே நடுக்கம் இதயவறையில் ஏற்பட்டால் நிலைமை வேறு. ஒவ்வொரு கலத்திலும் பலம் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. ஆனால் ஆளாளுக்கு இழுக்கும் வடம்போல இதயவறை புழுப்போல நெளியுமே தவிரக் குருதி நகராது. சில செக்கன்களில் நினைவு தப்பிவிடும். அப்போது இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைப்பதோடு, அது வரும்வரை நெஞ்சின் நடுவே கைகளால் வேகமாகவும் ஆழமாகவும் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அமுக்கம்தான் அப்போது குருதியை ஓடவைக்கும். பின்னர் கொடுக்கப்படும் மின்னதிர்ச்சி, நின்ற மோட்டரை இயக்குவதுபோல இதயத்தை இயக்கிவிடுவதில்லை. தறிகெட்டு ஓடும் குறிப்புகள் எல்லாவற்றையும் அது ஒரே கணத்தில் அடக்கி, எஸ்.ஏ. கணு மீண்டும் முதற் குறிப்பை எழுப்புவதற்கு இடம் கொடுக்கிறது.

மூன்றாவது வகையில் படலையே அடைபட்டுவிடுகிறது. மேலறைகள் தம்பாட்டில் 70 தடவை துடித்துக்கொண்டிருக்க, ஒரு குறிப்பும் கீழே போகாது. அப்போது இதயவறைகள் தங்கள் நார்களில் எழும் மந்தமான தாளத்தில், நிமிடத்துக்கு 20 முதல் 40 தடவை துடிக்கும். மூளைக்குக் குருதி போதாமல் நோயாளி திடீர் திடீரென மயங்கி விழுவார். 1958 ஒக்ரோபர் 8ஆம் திகதி ஸ்ரொக்கோமில் ஒக்கே செனிங் என்ற அறுவை மருத்துவர், றூனே எல்ம்குவிஸ்ற் என்ற பொறியியலாளர் செய்த கருவியை, இவ்வாறு மயங்கி விழுந்துகொண்டிருந்த ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் பொருத்தினார். உடலுக்குள் முழுதாக வைக்கப்பட்ட முதலாவது பேஸ்மேக்கர் அது. சில மணித்தியாலங்களிலேயே அது பழுதாகிவிட்டது. ஆனாலும் அடுத்தடுத்து 20க்கும் மேற்பட்ட கருவிகளோடு வாழ்ந்த லார்சன், 2001இல் தமது 86ஆவது வயதில் காலமானார்.

ஆரம்பகாலக் கருவிகள் இதயவறையை மட்டும் தூண்டின. மேலறை எப்போது சுருங்கியது என்பது அவற்றுக்குத் தெரியாது. இன்று பலருக்குப் பொருத்தப்படும் கருவியிலிருந்து இரண்டு வயர்கள், ஒன்று வலது சோணையறைக்கும் மற்றது வலது இதயவறைக்கும், நாளத்தின் வழியாக இறக்கப்படுகின்றன. சோணையறையில் குறிப்பு எழுந்ததை மேல் வயர் உணர்ந்ததும் கருவி கீழ் வயருக்கு உடனே மின்சாரம் அனுப்புவதில்லை. செக்கனில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரையான இடைவெளியை வைத்தியர் அதில் முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பார். கருவி அவ்வளவு நேரம் காத்திருந்து, சோணையறை தன் குருதியை இறக்கி முடித்த பின்னரே இதயவறையைத் தூண்டும்.